பிரஷர் நிற்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறதா?

"பிரஷர் சரியாத்தான் இருக்குன்னு சொன்னாங்க. பின்னே ஏன் இன்னும் கண்ணு தொறக்கல்ல?"

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆனாலும் சரி, மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஆனாலும் சரி, ஐசியூ வாசலில் காத்திருக்கும் வீட்டார் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. மானிட்டரில் தெரியும் பிரஷர் ஒரு எண். மூளைக்குப் போய்ச் சேரும் ரத்தம் வேறு கணக்கு. இரண்டையும் இணைப்பது இதயம். அந்தக் கணக்கை நர்சிங் படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும், உள்ளே படுத்திருப்பவரின் வீட்டாருக்கும் புரியும்படி பார்ப்போம்.

மட்டம் வேறு, ஓட்டம் வேறு

பேச்சிப்பாறை அணையிலிருந்து கன்னிப்பூ, கும்பப்பூ நெல் சாகுபடிகளுக்குத் தண்ணீர் விடும்போது கால்வாய்க் கரையில் நிற்கும் விவசாயி இரண்டைப் பார்ப்பார். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது ஒன்று, எவ்வளவு ஓடுகிறது என்பது மற்றொன்று. அணையில் குறைவாகத் திறந்துவிட்டு, கீழே ஷட்டரையும் இறக்கிவிட்டால் கால்வாயில் மட்டம் ஏறிவிடும். மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்குக் கால்வாய் நிறைந்ததாகத் தோன்றும். கடைமடை வயலோ வெடித்துக் கிடக்கும்.

உடலிலும் இதே கணக்குதான். இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் ரத்தத்தின் அளவு ஓட்டம். இதை ஐசியூவில் கார்டியாக் அவுட்புட் என்பார்கள். சிறு தமனிகளின் இறுக்கம் தடை. ஓட்டத்தைத் தடையால் பெருக்கினால் கிடைப்பது அழுத்தம். ஆகவே அழுத்தம் 'நார்மல்' என்றால் ஓட்டமும் நார்மல் என்று பொருளில்லை. ஓட்டம் பாதியாகி தடை இரட்டிப்பானாலும் அதே எண்தான் மானிட்டரில் நிற்கும்.

ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி தள்ளுகிறது. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் 5 லிட்டர். இதில் மூளைக்குப் போவது ஏறத்தாழ 700 மில்லி. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள உறுப்புக்கு இதயம் தள்ளும் ரத்தத்தில் 15 சதவீதம் போகிறது; உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் பழக்கம் மூளைக்கு இல்லை. ஓட்டம் முழுதாக நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பும், நான்கைந்து நிமிடத்தில் செல்கள் மீளாச் சேதத்தை நோக்கிப் போகத் தொடங்கும்.

100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்கு 50 மில்லி என்பது சாதாரண நிலை. அது 20-க்குக் கீழே இறங்கினால் செல் வேலையை நிறுத்திவிடும், ஆனால் உயிரோடு இருக்கும். 10-க்குக் கீழே போனால் செத்துப்போகும். இந்த 20-க்கும் 10-க்கும் இடைப்பட்ட பகுதிக்காகத்தான் ஐசியூவில் இவ்வளவு பாடு. அங்கே நிற்கும் செல்லுக்குத் தண்ணீர் திரும்பினால் பயிர் நிமிர்ந்துவிடும்.

எந்த உயரத்தில் அளந்த அழுத்தம்?

மானிட்டரில் 120/80 என்ற இரண்டு எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மூன்றாவது எண் ஒன்று இருக்கும். அதுதான் சராசரி அழுத்தம். வார்டில் 'மேப்' என்பார்கள். கீழ் எண்ணோடு, மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் அது வரும். 120/80-க்கு 93. 100/60-க்கு 73. 140/40-க்கும் 73 தான். கடைசி இரண்டு நோயாளிகளுக்கும் மேப் ஒன்று, இதயத்தின் கதை வேறு. அலகு எல்லாவற்றுக்கும் மி.மீ. பாதரசம்.

மூளைக்குக் கிடைக்கும் தள்ளுவிசை மேப் முழுவதும் அல்ல. மண்டையோடு மூடிய பெட்டி. அதற்குள் மூளை, ரத்தம், மூளைத் தண்டுவட நீர் மூன்றும் நெருக்கமாக இருக்கின்றன. உள்ளே இருக்கும் அழுத்தம் சாதாரணமாக 5 முதல் 15. அதை மேப்பிலிருந்து கழித்தால் வருவதுதான் மூளையின் உண்மையான தள்ளுவிசை. கடுமையான தலைக்காயத்தில் இதை 60-க்கும் 70-க்கும் இடையில் வைக்கப் பார்ப்பார்கள். மண்டைக்குள் அழுத்தம் 22-ஐத் தாண்டினால் சிகிச்சை.

இங்கேதான் அடிக்கடி ஒரு பிழை நுழைகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மணிக்கட்டுத் தமனியில் போட்ட மெல்லிய குழாயான ஆர்ட்டீரியல் லைன், அழுத்தத்தை மின்சைகையாக்கும் ஒரு டிரான்ஸ்டியூசருடன் இணைந்திருக்கும். அந்த டிரான்ஸ்டியூசரை எந்த உயரத்தில் வைத்து 'ஜீரோ' செய்கிறோமோ அந்த உயரத்தின் அழுத்தத்தையே மானிட்டர் சொல்லும். வழக்கமான இடம், நான்காவது விலா இடைவெளியும் அக்குளின் நடுக்கோடும் சந்திக்கும் இடம், அதாவது இதய மட்டம். தலைக்காய நோயாளியின் தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தியிருப்போம். அப்போது மூளை மட்டத்தின் அடையாளமான காதின் முன்மடல் இதயத்தைவிட ஏறத்தாழ 15 செ.மீ. மேலே இருக்கும். 10 செ.மீ. உயரத்துக்கு ஏறத்தாழ 7.5 மி.மீ. குறையும், 15 செ.மீ.க்கு 11.

இப்போது கணக்குப் போடுங்கள். இதய மட்டத்தில் மேப் 75, மண்டைக்குள் 20. சார்ட்டில் 55 என்று எழுதுவோம். மூளை மட்டத்தில் மேப் 64 தான், தள்ளுவிசை 44. இரண்டும் ஒரே நோயாளி, ஒரே நிமிடம். ஆகவே டிரான்ஸ்டியூசரைக் காது மட்டத்தில் வைத்திருக்கிறோமா, இதய மட்டத்திலா என்பதைச் சார்ட்டிலேயே எழுதிவைக்க வேண்டும். ஷிப்ட் மாறும்போது ஒருவர் காது மட்டத்திலும் அடுத்தவர் இதய மட்டத்திலும் வைத்தால், நோயாளிக்கு ஒன்றும் நடக்காமலே எண் 11 ஏறி இறங்கும். அதைப் பார்த்து மருந்தும் ஏறி இறங்கும்.

டிரான்ஸ்டியூசர் தனி ஸ்டாண்டில் இருக்கும்போது கட்டிலை மட்டும் உயர்த்தினால் எண் பொய்யாக ஏறும். குழாயில் காற்றுக்குமிழியோ ரத்தக்கட்டியோ இருந்தால் அலை தட்டையாகி மேல் எண் குறைவாகக் காட்டும். சராசரி எண் அவ்வளவாக மாறாது. குழாய்க்குள் நீரைத் தள்ளும் பிரஷர் பேக் 300-ல் நிற்கிறதா என்று ஒவ்வொரு ஷிப்டிலும் பார்க்க வேண்டும்.

மடை திறந்து மூடும் மூளை

மூளையின் சிறு தமனிகள் தங்கள் வயலுக்கு வேண்டியதைத் தாங்களே பார்த்துக்கொள்பவை. மேப் இறங்கினால் விரியும், ஏறினால் சுருங்கும். மடை பார்ப்பவர் மண்ணை வெட்டியும் அணைத்தும் வயலுக்குள் ஒரே அளவு விடுவதைப்போல. மேப் 60 முதல் 150 வரை ஓட்டம் மாறாது என்று 1959-ல் லாசன் வரைந்த கோடு இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. ஆனால் அந்தச் சமதளம் அவ்வளவு அகலமானது அல்ல, எல்லோருக்கும் ஒரே இடத்தில் தொடங்குவதும் அல்ல என்பது இன்று தெளிவு.

முக்கியமாக, பல ஆண்டுகளாக ரத்தக்கொதிப்பு உள்ளவரின் தமனிச்சுவர் தடித்து, அந்தக் கோடு வலப்பக்கம் நகர்ந்திருக்கும். எப்போதும் 160/100-ல் இருந்தவருக்கு மேப் 120. அவரை 65-ல் வைத்துவிட்டு 'டார்கெட் வந்துவிட்டது' என்பது சில நேரம் மூளைக்குப் போதாமல் போகும். செப்சிஸ் ஷாக்கில், அதாவது கடும் தொற்றால் அழுத்தம் விழும் நிலையில், தொடக்க இலக்கு 65 என்பது பொதுவான நல்ல இலக்கு. ஆளைப் பார்த்து மாற்ற வேண்டியதும்கூட. இந்த இடத்தில் வீட்டார் செய்யக்கூடிய உதவி பெரியது. பழைய ஓ.பி. சீட்டு, தினமும் போடும் மாத்திரை அட்டை, வழக்கமாக என்ன பிரஷர் இருக்கும் என்ற விவரம் ஆகியவற்றைக் கொண்டுவந்து கொடுங்கள். ஸ்கேன் எதிலும் இது தெரியாது.

தலையில் அடிபட்ட மூளையிலும், பக்கவாதம் வந்த மூளையிலும், இதயம் நின்று மீண்டவரின் மூளையிலும் இந்த மடைக்காவல் கெட்டுப்போகும். அப்போது மேப் ஏறினால் ஓட்டம் ஏறும், இறங்கினால் இறங்கும். இதயத்தின் ஒவ்வொரு தடுமாற்றமும் நேராக மூளையில் தெரியும்.

மேப் மாறாமல் இருந்தாலும், கார்டியாக் அவுட்புட் குறைந்தால் மூளை ஓட்டமும் கொஞ்சம் குறைகிறது. நெஞ்சுப் பகுதியில் உள்ள ரத்த அளவைக் குறைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், அவுட்புட் 30 சதவீதம் இறங்கும்போது மூளை ஓட்டம் ஏறத்தாழ 10 சதவீதம் இறங்குகிறது. ஆரோக்கியமானவருக்கு 10 சதவீதம் பெரிதல்ல. கழுத்துத் தமனி சுருங்கி, ஹீமோகுளோபின் 7-க்கு வந்து, ஏற்கெனவே விளிம்பில் நிற்பவருக்கு அது பெரிது.

முதலில் காய்வது கடைமடை. மூளையின் முன், நடு, பின் தமனிகள் தனித்தனிக் கால்வாய்கள்; ஒன்றின் எல்லையும் அடுத்ததன் எல்லையும் சந்திக்கும் ஓரங்களுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கடைசித் துளிதான் வரும். இதயம் தளர்ந்து அழுத்தம் இறங்கும்போது சேதம் அந்த ஓரங்களில் விழுகிறது. இரண்டு பக்கமும் விழுந்தால் ஒரு விசித்திரமான படம் தெரியும்: விரல்கள் அசையும், கையை மேலே தூக்கத் தோள் வராது, கால் ஓரளவு நன்றாக இருக்கும். மயக்கம் தெளிந்தவரிடம் "கையை இறுக்கிப் பிடிங்க" என்று மட்டும் சோதித்தால் இது தப்பிவிடும். கையைத் தூக்கவும் சொல்ல வேண்டும்.

இதயம் எங்கே தவறுகிறது

துடிப்பு மெதுவானால்: முழு ஹார்ட் பிளாக்கில் (மேலறையின் மின்சைகை கீழறைக்குப் போகாத நிலை) நிமிடத்துக்கு 35 துடிப்பு, ஒவ்வொன்றுக்கும் 80 மில்லி என்று வைத்தாலும் 2.8 லிட்டர்தான். ஆள் திடீரென விழுந்து, சில விநாடியில் எழுவது இதனால்.

துடிப்பு மிக வேகமானால்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (மேலறைகள் தாறுமாறாக நடுங்கும் நிலை) 160 அடிக்கும்போது இதயம் நிறைய நேரமில்லை. மேலறைகள் கடைசியாகத் தள்ளித் தரும் ஐந்தில் ஒரு பங்கு நிரப்பும் போய்விடும். போதாததற்கு மேலறையில் ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போகும் ஆபத்து.

தசை தளர்ந்தால்: பெரிய மாரடைப்புக்குப் பின் இடது வென்ட்ரிக்கிள் (இதயத்தின் இடது கீழறை) துடிப்புக்கு 35 மில்லி தள்ளுகிறது, 110 அடித்தாலும் 3.9 லிட்டரைத் தாண்டாது. உடல் தமனிகளை இறுக்கிக்கொண்டு மேப்பை 70-ல் பிடித்துவைக்கும். கை கால் சில்லென்று இருக்கும், நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆகும், சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிக்குக் கீழே, ஆக்சிஜன் போதாமையைக் காட்டும் லாக்டேட் ரத்தத்தில் ஏறும், ஆள் குழம்பிப் பேசுவார் அல்லது பேசாமல் கிடப்பார். பிரஷர் சரியாக இருக்கும்போதே வரும் இந்தக் குழப்பத்தை 'ஐசியூ தூக்கக்கேடு' என்று தள்ளிவிடக் கூடாது.

இந்த நோயாளிக்குத் தமனிகளை இறுக்கும் மருந்தான நார்அட்ரினலினை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது ஷட்டரை மேலும் இறக்குவதற்குச் சமம். மட்டம் ஏறும், தளர்ந்த இதயம் இன்னும் கடுமையான தடைக்கு எதிராகத் தள்ள வேண்டிவரும். ஓரளவு வேண்டும்தான், ஏனென்றால் மட்டமே இல்லாமல் மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏறாது. அதோடு தசையைத் தூண்டும் டோபுட்டமின் போன்ற மருந்தோ, அடைத்த இதயத் தமனியை (கொரோனரி) திறப்பதோ, துடிப்பைச் சீராக்குவதோ தேவைப்படும். அணையில் தண்ணீரே குறைவென்றால், அதாவது ரத்த இழப்பென்றால், முதல் வேலை அதை நிரப்புவது. எந்த நோயாளிக்கு எது என்பதை இதயத்தின் அல்ட்ராசவுண்டான எக்கோ பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எக்கோவில் எல்லோரும் கேட்கும் எண் இ.எஃப். கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு அது. விகிதம், அளவல்ல. விரிந்துபோன இதயத்தில் 200 மில்லி நிற்கிறது, இ.எஃப். 30 சதவீதம் என்றால் 60 மில்லி வெளியேறுகிறது. நீர் வற்றிய சிறிய இதயத்தில் 50 மில்லி நிற்கிறது, இ.எஃப். 70 என்றால் 35 மில்லிதான். இரண்டாவது ரிப்போர்ட்டில் 'நல்ல இதயம்' என்றிருக்கும். அதனால் இடது கீழறையின் வெளிவாசலில் வி.டி.ஐ.யை, அதாவது ஒரு துடிப்பில் ரத்தம் நகரும் தூரத்தை, அளப்பது நல்லது. வாசலின் குறுக்களவு 2 செ.மீ. என்றால் பரப்பு 3.14, வி.டி.ஐ. 20 செ.மீ. என்றால் துடிப்புக்கு 63 மில்லி, 10 செ.மீ. என்றால் 31. குறுக்களவு ஒரு நாளில் மாறாது. ஆகவே மருந்துக்கு முன்னும் பின்னும் வி.டி.ஐ.யை மட்டும் ஒப்பிட்டாலே ஓட்டம் கூடியதா என்று தெரிந்துவிடும்.

திரவம் ஏற்றினால் பலன் உண்டா என்று பார்க்கக் கால்களை உயர்த்திச் சோதிப்பது வழக்கம். அந்தச் சோதனையில் தலை தாழும். மண்டைக்குள் அழுத்தம் கூடியவருக்கு அதைச் செய்யாதீர்கள்.

வடிகாலும் முக்கியம்

வயலில் புதுத் தண்ணீர் ஏற வேண்டுமானால் வடிகால் திறந்திருக்க வேண்டும். வலது இதயம் தளர்ந்தாலோ, திரவம் அதிகமாக ஏறினாலோ, வென்டிலேட்டரில் பீப் (மூச்சு வெளியேறிய பின்னும் நுரையீரலில் நிறுத்தும் அழுத்தம்) மிகக் கூடினாலோ கழுத்துச் சிரைகளில் ரத்தம் தேங்கி மூளைக்குள் அழுத்தம் ஏறும். மருந்தில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கின்றன: தலை ஒரு பக்கம் சாய்ந்து கிடப்பது, டியூப்பைக் கட்டிய நாடா கழுத்தை இறுக்குவது, காலர் இறுக்கமாக இருப்பது. மண்டை அழுத்தம் திடீரென ஏறினால் மானிட்டருக்கு முன் கழுத்தைப் பாருங்கள்.

மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் பாதையும் உண்டு. மூளையுறைக்கடியில் ரத்தக்கசிவு வந்தவருக்கு அட்ரினலின் வெள்ளமாகச் சுரந்து இதயத்தின் நுனி பலூன்போல் உப்பித் தளரலாம். ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவம் என்பதால் டகோட்சுபோ என்று பெயர். ஈ.சி.ஜி.யும் டிரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் மாரடைப்பைப்போலக் காட்டும். மூளை நோயாளிக்கு எக்கோ எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

நின்று மீண்ட இதயம்

நெஞ்சை 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நன்றாக அழுத்தினாலும் இதயத்தின் வழக்கமான ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள்தான் கிடைக்கும். இடையில் நிறுத்தும் ஒவ்வொரு விநாடியும் அதையும் இழக்கிறோம். துடிப்பு திரும்பியதும் ஆபத்து முடிவதில்லை. இதயத் தசை திகைத்துப்போய் இரண்டு மூன்று நாள் தளர்ந்திருக்கும், மூளை ஓட்டம் சில மணி நேரத்துக்குப் பின் மறுபடி குறையும், மடைக்காவலும் கெட்டிருக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் வருகின்றன. மேப் குறைந்தது 65, உடல் சூடு 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 35-க்கும் 45-க்கும் இடையில் என்று பிடித்துவைப்பது இதற்காக. இந்த நிலையில் "தேறுவாரா" என்ற கேள்விக்கு 72 மணி நேரத்துக்கு முன் உறுதியாகப் பதில் சொல்லக் கூடாது. டாக்டர் "மூணு நாள் போகட்டும்" என்பது கைகழுவும் பேச்சல்ல.

மூளையில் ஓட்டத்தை நேராகப் பார்க்க, நெற்றிப்பொட்டில் வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியான டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர் உண்டு. எலும்பு தடித்த சிலருக்கு, குறிப்பாக வயதான பெண்களுக்கு, அலை கிடைக்காது. அது காட்டுவது வேகம், அளவல்ல. பெருந்தமனி வால்வு கசியும்போதும், இதயத்துக்கு உதவப் பெருந்தமனிக்குள் வைக்கும் பலூன் பம்ப் ஓடும்போதும் அலையின் வடிவமே மாறும். அதை மண்டை அழுத்தம் என்று தவறாகப் படிக்கக்கூடும். நெற்றியில் ஒட்டும் நிர்ஸ் பட்டை மூளைத் திசுவின் ஆக்சிஜனை ஒளியால் அளக்கும்; அதன் எண் தொடக்க எண்ணிலிருந்து 20 சதவீதம் இறங்கினால் எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளலாம்.

களியக்காவிளையைத் தாண்டும் முன்

நம் குமரி மாவட்டத்திலிருந்து களியக்காவிளை எல்லையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்கு நோயாளியை மாற்றுவது சாதாரணம். நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள்தான்; ஆனால் தக்கலை, மார்த்தாண்டம் நெரிசலில் நேரம் போகும். ஐசியூவில் பார்த்துப் பார்த்துக் காத்ததை வண்டிக்குள் இழக்க முடியும்.

முதல் காரணம் கை. பதற்றத்தில், கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை வேகமாக அழுத்தினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு இறங்கி மூளைத் தமனிகள் சுருங்கும், ஒவ்வொரு மி.மீ. இறக்கத்துக்கும் மூளை ஓட்டம் ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். 40-லிருந்து 25-க்குப் போனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடலாம். ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை, மார்பு எழும்பும் அளவுக்கு மட்டும் அழுத்தினால் போதும். வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபில் எண் திடீரென இறங்கினால், பேக் வேகமா என்று பார்த்துவிட்டு உடனே நாடியைத் தொட்டுப் பாருங்கள். இதயம் நுரையீரலுக்கு ரத்தம் தள்ளாவிட்டாலும் அந்த எண் இறங்கும்.

இரண்டாவது, சிரிஞ்ச் பம்ப். நார்அட்ரினலினின் வேலை ஓரிரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். சிரிஞ்ச் தீர்ந்தபின் புதிது மாட்டினால் அந்த இடைவெளியில் மேப் 40-க்கு விழலாம். அடுத்த சிரிஞ்சை இன்னொரு பம்பில் ஓடவிட்டு, பிறகு பழையதை நிறுத்த வேண்டும். பம்ப் பேட்டரியையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் பயண நேரத்தின் இரண்டு மடங்குக்குக் கணக்கிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைக்கும் தாளில் இவை இருக்கட்டும்: வீட்டில் வழக்கமான பிரஷர், எக்கோவில் இ.எஃப்.பும் வி.டி.ஐ.யும், கடைசி கார்பன் டை ஆக்சைடு, கண்பாப்பாக்களின் அளவும் பார்த்த நேரமும், கைகளைத் தூக்கினாரா என்பது, டிரான்ஸ்டியூசரை ஜீரோ செய்தது காது மட்டத்திலா, இதய மட்டத்திலா என்பது.